சொன்னபடி கேட்டவரின் கால்

1. நொண்டாமல் வந்தவர்

குணா அண்ணனின் வலது உள்ளங்காலில் என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கொப்புளம் இருந்தது. அந்தக் காலோடு அவர் காலையில் பள்ளி பஸ் ட்ரிப்பை முடித்தார், கிளினிக்குக்கு வந்து நம்பர் எடுத்தார், முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார், கூப்பிட்டதும் எழுந்து என் அறைக்குள் வந்தார். ஓர் எட்டுகூட நொண்டவில்லை. நொண்டாததுதான் கெட்ட அறிகுறி.

மலேசியாவில், குளுவாங் பக்கத்தில் ஓர் அரசாங்க கிளினிக்கில் நான் மிஸ்ஸியாக இருந்தேன். இங்கே நம் ஆட்கள் நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கடைசிப் பதினான்கு வருடம் இனிப்பு நீர் பேஷண்டுகளைப் பார்க்கும் டயாபெட்டிக் ரூம்தான் என் ராஜ்ஜியம். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. இப்போது அந்த ரூமில் உட்காரும் பிள்ளைகள், மிஸ்ஸி உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். சாதித்ததை எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். சறுக்கினதை எழுதுகிறேன், அதுதான் உங்களுக்கு உபயோகப்படும்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. ஆள் குள்ளம், தொண்டை பெரிசு. பேஷண்டுகள் எனக்கு வைத்த பெயர் சிலி பாடி. விரல் நுனி அளவுக்கு இருந்துகொண்டு கண்ணில் தண்ணீர் வரவைக்கும் அந்த ஊசி மிளகாய்தான். பெயர் வைத்தவர் யார் என்று எனக்குத் தெரியும். அவர் சுகர் இன்றைக்கும் கண்ட்ரோலில் இல்லை.

கொப்புளத்துக்கு வருவோம். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து ஊர் லாயாங் லாயாங் கோயிலில் திருவிழா. உச்சி வெயிலில் சிமெண்டுத் தரை கொதித்திருக்கிறது. பால்குடம் எடுத்தவர்களும் பார்க்க வந்தவர்களும் தரையில் விரித்திருந்த ஈரச் சாக்கை விட்டு இறங்காமல் தத்தித் தத்தி நடந்திருக்கிறார்கள். குணா அண்ணன் மட்டும் வெறுங்காலோடு நட்ட நடுவில் நின்று ஒரு மணி நேரம் வரிசையைச் சரி பண்ணியிருக்கிறார். முருகன் சூட்டைத் தாங்க வைக்கிறான் என்று பக்கத்தில் இருந்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்களாம்.

"சாயந்தரம் காலை நீட்டி உட்கார்ந்தாரு மிஸ்ஸி, அப்பதான் நான் பார்த்தேன்," என்றார் கூட வந்த அவர் மனைவி சாந்தி. "இவருக்குத் தெரியவே இல்ல."

2. முதல் மார்க் பேஷண்ட்

குணா அண்ணன் என்னைவிட மூன்று வயது சின்னவர். ஊரே அண்ணன் என்பதால் நானும் அப்படியே கூப்பிடுவேன். இருபத்திரண்டு வருடமாகப் பள்ளி பஸ் ஓட்டுகிறார். இனிப்பு நீர் பதினோரு வருடமாக. மெட்ஃபார்மின் மாத்திரை காலையில் இரண்டு, ராத்திரியில் இரண்டு.

எங்கள் ஆட்களின் சாமர்த்தியம் உங்களுக்குத் தெரியாதது இல்லை. அப்பாயின்ட்மென்டுக்கு ஒரு வாரம் முன்னால்தான் பத்தியம் தொடங்கும். அதுவரைக்கும் ரொட்டி சானாய் பரோட்டா, தே தாரே டீ, கல்யாண வீட்டுப் பாயாசம். மாத்திரைகள் பை பையாக அலமாரியில் தூங்கும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏஒன்சி டெஸ்ட் வந்து மானத்தை வாங்கும்போது, மிஷின் சரியில்லை மிஸ்ஸி என்பார்கள். நான் விட மாட்டேன். அடியாத மாடு படியாது என்பது அந்தக் காலத்தில் என் கட்சி. நான் போடுகிற சத்தம் ஃபார்மசி கவுண்டர் வரைக்கும் கேட்கும்.

குணா அண்ணனிடம் மட்டும் சத்தம் போட எனக்கு வேலையே இருந்ததில்லை. எள் என்றால் எண்ணெயாக நிற்பார். சுகர் புத்தகத்தில் ஒரு கட்டம் காலியாக இருக்காது. ஒரு மாத்திரை மிஞ்சாது. ஆறு வருடத்துக்கு முன்னால் சாந்திக்குப் பெரிய ஆபரேஷன் நடந்தது. பிழைத்து வந்தால் கவிச்சி தொட மாட்டேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டார். சாந்தி பிழைத்தார். அன்றோடு கறி, மீன், முட்டை மூன்றையும் விட்டார். டின் பால் ஊற்றின தே குடிக்காதீர்கள் என்று நான் ஒரு தடவை சொன்னேன். எதற்கு வம்பு என்று பால், தயிர், மோர் எல்லாவற்றையும் சேர்த்தே நிறுத்திவிட்டார். நான் சொன்னது ஒரு டம்ளர் தே. அவர் விட்டது மாட்டுத் தொழுவத்தையே.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் காத்திருக்கிறவர்களுக்கு உணவுப் பழக்கம் பற்றி நான் பேசுவேன். அவர் இருக்கிற நாளில் அவரை எழுந்து நிற்கச் சொல்லி, இவரைப் பார்த்துக் கத்துக்குங்க என்பேன். அவரும் கூச்சப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார். அவருக்கு அது பிடித்திருந்தது, எனக்கும் பிடித்திருந்தது.

இதில் என்ன தப்பு என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் அவரையும் ஒரு பிடி பிடித்திருப்பேன்.

3. பிரேக்

கொப்புளத்துக்கு மருந்து கட்டிவிட்டுக் காலைச் சோதித்தேன். மோனோஃபிலமென்ட் என்று ஒரு நைலான் நரம்பு இருக்கிறது. கண்ணை மூடச் சொல்லிவிட்டு அதைப் பாதத்தில் பத்து இடத்தில் லேசாக அழுத்த வேண்டும். குணா அண்ணன் மூன்று இடத்தில்தான் உணர்ந்தார். டியூனிங் ஃபோர்க்கை அதிரவிட்டுக் கால் கட்டைவிரல் எலும்பில் வைத்தேன். அதிர்வது தெரிகிறதா என்று கேட்டால், வச்சிட்டீங்களா மிஸ்ஸி என்கிறார்.

எனக்கு வந்ததே கோபம். கால் இப்படிச் செத்துக் கிடக்கிறது என்றால் சுகர் வருடக்கணக்காக ஏறிக் கிடந்திருக்க வேண்டும். அப்படியென்றால் இந்த மனிதர் இத்தனை நாள் என்னை ஏமாற்றியிருக்கிறார். கதவு திறந்திருக்கிறது என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை.

"திருட்டுத்தனமா என்ன சாப்பிடுறீங்க? மறைக்காம சொல்லுங்க."

அவர் சாந்தியைத் திரும்பிப் பார்த்தார். சாந்திதான் அழ ஆரம்பித்தார். எட்டு மாதமாகவே இப்படித்தானாம். முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் பாத்ரூமில் சாய்ந்துவிடுகிறார். செருப்பு கழன்று போனது தெரியாமல் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வருகிறார். வேட்டி முடிச்சுப் போட விரல் தடுமாறுகிறது. கிளினிக்கில் சொல்லுங்கள் என்றால், மிஸ்ஸி என்ன நினைப்பாங்க என்று தட்டிக் கழித்திருக்கிறார். என்னிடம் வாங்கின நல்ல பெயர் போய்விடுமாம்.

"பஸ் எப்படி ஓட்டுறீங்க?" என்று கேட்டேன்.

அவர் குனிந்து தன் வலது காலைப் பார்த்தார்.

"குனிஞ்சு பார்த்துக்குவேன் மிஸ்ஸி. கால் பிரேக் மேல இருக்கான்னு பார்த்துட்டுதான் மிதிப்பேன்."

நாற்பது பிள்ளைகள் ஏறுகிற பஸ். டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்றேன். அவர் என் மேசையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். பஸ் லைசென்ஸுக்கு மெடிக்கல் செக்கப் வரப்போகிறது, இதை ஃபைலில் எழுதினால் வேலை போய்விடும், இந்த வயதில் தன்னை எவன் சேர்ப்பான் என்றார். நான் எழுந்து கதவுப் பக்கம் போனேன். அப்போது அவர் சொன்னதுதான் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

"நீங்க சொன்னத எல்லாம் கேட்டேன்ல மிஸ்ஸி. ஒண்ணு விடாம கேட்டேன்ல."

டாக்டர் ஹஸ்லினா வந்து பார்த்தார். அவர் கிளினிக்குக்கு வந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. சத்தமாகப் பேசத் தெரியாத பெண். கால் சரியாகும் வரை பஸ்ஸைத் தொடக்கூடாது என்று மெதுவாக, ஆனால் மறுபேச்சுக்கு இடமில்லாமல் சொல்லிவிட்டார். அன்றைக்கு மத்தியானமே குணா அண்ணன் சாவியைப் பஸ் முதலாளியிடம் கொடுத்தார். முதலாளி நல்ல மனிதர். பள்ளி ஆண்டு முடிய நான்கு மாதம் இருந்தது, அதுவரை மாற்று ஆளை வைத்துச் சமாளிக்கிறேன், அதற்குள் டாக்டர் சர்டிபிகேட்டோடு வந்தால் பஸ் உங்களுக்குத்தான் என்றார். வராவிட்டால் புது டிரைவர்.

இனிப்பு நீரால் வந்த நரம்புச் சேதம் என்று நான் ஃபைலில் எழுதினேன். அது பெரும்பாலும் திரும்பச் சரியாகாத சேதம். அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

4. ஓரத்தில் இருந்த எச்

மறுநாள் மதியம் சாப்பிட உட்காராமல் அவர் ஃபைலைத் தேடி எடுத்தேன். மறைப்பானேன், அவரைப் பொய்யர் என்று நிரூபிக்கத்தான் எடுத்தேன். எந்த வருடத்தில் சுகர் ஏறியது என்று கண்டுபிடித்து அவர் முன்னால் விரித்துவைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பக்கம் பக்கமாகப் பார்த்தேன். எச்பிஏஒன்சி ஆறரை, ஆறே முக்கால், ஆறரை. பதினோரு வருடத்தில் ஏழு என்கிற எல்லையைத் தாண்டினது முதல் வருடம் மட்டும்தான். மாத்திரை வாங்கின தேதிகூட ஒரு நாள் முன்னே பின்னே இல்லை. அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

அப்படியானால் கால் ஏன் செத்தது?

ஒரு வருடத்துக்கு முந்தின ரத்த ரிப்போர்ட் ஒன்று கண்ணில் பட்டது. ரத்த அணுக்களின் எண்ணிக்கையும் அளவும் பார்க்கிற சாதாரண டெஸ்ட். சிவப்பு அணுவின் அளவுக்கு நேரே ஓரத்தில் எச் என்று ஓர் எழுத்து. இருக்க வேண்டியதைவிடப் பெரிதாக இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேல் சுகர், கிட்னி, கொழுப்பு எல்லாம் நன்றாக இருந்ததால் யாரும் கீழே பார்க்கவில்லை. அந்தத் தாளை ஒட்டி, பார்த்ததாகச் சுருக்கக் கையெழுத்துப் போட்டிருந்தது நான்தான்.

ஃபைலைத் தூக்கிக்கொண்டு டாக்டர் ஹஸ்லினா அறைக்குப் போனேன். அவர் அந்த எழுத்தைப் பார்த்தார். எத்தனை வருடமாக மெட்ஃபார்மின், எவ்வளவு அளவு, இவர் சைவமா என்று கேட்டார். நான் வேண்டுதலைச் சொன்னேன், பால் நிறுத்தின கதையையும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நாளைக் காலையில் அவரைக் கூப்பிடுங்கள் என்றார்.

மறுநாள் டாக்டர் முதலில் பார்த்தது காலை அல்ல, நாக்கை. சொரசொரப்பே இல்லாமல் வழவழவென்று சிவந்து கிடந்தது. நான்கைந்து மாதமாக மிளகாய்ச் சம்பல் பட்டால் நாக்கு எரிகிறது, வயசாகிவிட்டது என்று காரத்தையும் விட்டுவிட்டேன் என்றார் அண்ணன். அதையும் அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. எழுந்து கண்ணை மூடி நிற்கச் சொன்னார் டாக்டர். அண்ணன் தென்னை மாதிரி ஆடினார், நான் பிடித்துக்கொண்டேன்.

டாக்டர் மலாயில் விளக்கினார், நான் அவர்களுக்குத் தமிழில் சொன்னேன். மெட்ஃபார்மின் நல்ல மருந்துதான். ஆனால் பல வருடம் சாப்பிடும்போது சிலருக்கு, சாப்பாட்டிலிருந்து பி12 என்கிற வைட்டமினை உடம்பு சரியாக இழுத்துக்கொள்ளாமல் போய்விடும். அந்த வைட்டமின் இருப்பதே கறி, மீன், முட்டை, பாலில்தான். வேண்டுதல் ஒரு பக்கம் அடைத்தது, என் பேச்சு மறு பக்கம் அடைத்தது, உள்ளே வந்த கொஞ்சநஞ்சத்தையும் மாத்திரை தடுத்தது. பி12 இல்லாவிட்டால் நரம்பின் மேலுறை கெடும். பஸ் ஒயரின் மேல் ரப்பர் உரிந்து போகிற மாதிரி என்று நான் என் பங்குக்குச் சேர்த்துச் சொன்னேன். அண்ணனுக்கு அது சட்டென்று விளங்கியது.

இங்கே பாருங்கள். மாத்திரையை ஒளித்துவைத்து எனக்குக் கதை சொன்னவர்களுக்கு இந்தச் சிக்கல் வரவில்லை. ஒன்று விடாமல் விழுங்கியவருக்குத்தான் வந்தது. அழுகிற பிள்ளைக்குத்தான் பால் கிடைக்கும் என்பார்கள். இவர் அழவே இல்லை. அழவிடாமல் பண்ணினது யார் என்பதை நான் அப்போதும் யோசிக்கவில்லை.

ரத்தம் எடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். நரம்பு விஷயம், ரிசல்ட்டுக்குக் காத்திருக்கக்கூடாது என்று டாக்டர் அன்றைக்கே ஊசியைத் தொடங்கச் சொன்னார். எவ்வளவு திரும்பும் என்று அண்ணன் கேட்டார். முழுவதும் என்று வாக்குக் கொடுக்க முடியாது, ஆனால் இனிப்பு நீர் நரம்பைவிட இதற்கு நம்பிக்கை அதிகம் என்றார் டாக்டர். ஒன்பது நாள் கழித்து ரிசல்ட் வந்தது. பி12 அடிமட்டத்தில் கிடந்தது. அதைப் படித்துவிட்டு நான் ஸ்டோர் ரூமில் போய் அழுதேன். முக்கால்வாசி சந்தோஷம், கால்வாசி வெட்கம்.

5. சிவப்பு ஊசி

பி12 மருந்து ரோஜா நிறத்தில் அழகாக இருக்கும். நான் ஊசியில் ஏற்றியதும் குணா அண்ணன் கையை இழுத்துக்கொண்டார். இது எதிலிருந்து எடுக்கிறார்கள், கறியிலிருந்தா என்று கேட்டார். வேலை போகிற நேரத்திலும் அந்த மனிதருக்கு வேண்டுதல்தான் பெரிசு. பழைய மிஸ்ஸி என்றால் வெடித்திருப்பேன். அன்றைக்கு ஏனோ வாயை மூடிக்கொண்டு டாக்டரிடம் போய்க் கேட்டு வந்தேன். மருந்துக் கம்பெனியில் கிருமிகளை வளர்த்து எடுப்பது, கறி கிடையாது என்றார். அண்ணன் கையை நீட்டினார்.

இனி அந்த மாத்திரை வேண்டாமா என்பது அவருடைய அடுத்த கேள்வி. நிறுத்தவே கூடாது என்றார் டாக்டர். சுகர் ஏறினால் காலுக்கு அதுவே எமன், மெட்ஃபார்மின் தொடரட்டும், குறைந்த வைட்டமினை நாம் வெளியிலிருந்து கொடுப்போம் என்றார். இதை நான் ஹாலில் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சாந்தியிடம் திருப்பிச் சொன்னேன். அங்கேதான் என் தொண்டை எனக்கே வினை வைத்தது. பாதி கேட்டவர்கள் பாதியைத்தான் எடுத்துக்கொண்டு போனார்கள். மெட்ஃபார்மின் நரம்பைத் தின்றுவிடும் என்று லாயாங் லாயாங் முழுக்கப் பரவிவிட்டது. மூன்று பேர் மாத்திரையை நிறுத்தினார்கள். அதில் ஓர் அம்மா சுகர் இருக்க வேண்டியதைப்போல மூன்று மடங்காக, இருபத்திரண்டுக்கு ஏறி மயங்கி வந்தார், நல்ல வேளையாகப் பிழைத்துக்கொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். பூசை முடிந்ததும் இரண்டு வார்த்தை பேச அனுமதி கேட்டேன். மைக் தரட்டுமா, இல்லை உங்க தொண்டையே போதுமா மிஸ்ஸி என்று கிண்டல் பண்ணினார் கோயில் தலைவர். யாரும் மாத்திரையை நிறுத்தாதீர்கள், ரொம்ப வருடமாகச் சாப்பிடுகிறவர்களும் சைவக்காரர்களும் டாக்டரிடம் பி12 பார்க்கச் சொல்லிக் கேளுங்கள் என்றேன். அடுத்த வாரம் கிளினிக்கில் கூட்டம் நெட்டித் தள்ளியது. டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அண்ணனுக்கு முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊசி. கொப்புளம் ஆறியது. கால் ஆறவில்லை. ஒரு மாதம் ஒன்றுமே தெரியவில்லை. அப்புறம் பாதமெல்லாம் முள்ளு முள்ளாகக் குத்துகிறது, தூக்கமே இல்லை என்று வந்து நின்றார். நரம்பு கண் விழிக்கும்போது அப்படியும் இருக்கும் என்றார் டாக்டர். சாந்திக்கு நம்பிக்கை வரவில்லை. எனக்கு வந்தது என்று சொன்னால் பொய். ஒவ்வொரு வாரமும் டியூனிங் ஃபோர்க்கை வைப்பேன், அவர் என் முகத்தையே பார்ப்பார், இல்லை என்று தலையாட்டுவார். பள்ளி ஆண்டு முடிய ஆறு வாரம்தான் பாக்கி இருந்தது.

ஒரு காலையில் சாந்தி போன் பண்ணினார். என்னவோ ஏதோ என்று பதறிப்போனேன். ஷூவுக்குள் செவ்வெறும்பு இருந்திருக்கிறது. அண்ணன் காலை நுழைத்ததும், ஐயோ கடிச்சிருச்சு என்று கத்திக்கொண்டு ஷூவைத் தூக்கி எறிந்திருக்கிறார். அப்புறம் வாசற்படியில் உட்கார்ந்து கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதிருக்கிறார். எறும்பு கடித்ததற்குச் சாமிக்குத் தேங்காய் உடைத்தது எனக்குத் தெரிந்து அந்த ஒரு குடும்பம்தான்.

அதற்குப் பிறகு மளமளவென்று முன்னேற்றம். கண்ணை மூடி நின்றார், ஆடவில்லை. பத்தில் எட்டு இடம் உணர்ந்தார். ஆஸ்பத்திரி ஸ்பெஷலிஸ்ட் இரண்டு தடவை சோதித்துவிட்டுத்தான் சர்டிபிகேட் கொடுத்தார். அதற்கும் மேல் பஸ் முதலாளி பக்கத்தில் உட்கார்ந்து, காலி பஸ்ஸை மைதானத்தில் அரை நாள் ஓட்டிக் காட்டச் சொன்னார். சுண்டுவிரல் இரண்டும் இன்றைக்கும் மந்தம்தான். புதுப் பள்ளி ஆண்டின் முதல் நாள், அந்தப் பஸ்ஸை ஓட்டிப் போனது குணா அண்ணன்.

6. எட்டுக் குறைகள்

அந்த வருடம் முதல், என் ரூமுக்கு வருகிற நல்ல பேஷண்டுகளை நான் எழுந்து நிற்க வைப்பதில்லை. சுகர் நன்றாக இருக்கிறது, சரி, வேறு என்ன குறை என்று கேட்பேன். கால், நாக்கு, நடை, மறதி என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். ரிப்போர்ட்டின் ஓரத்தில் எந்த எழுத்து இருந்தாலும் வட்டம் போட்டு டாக்டரிடம் கொண்டுபோவேன். பிள்ளைகளே, நீங்களும் இதைச் செய்யுங்கள். நாம் பார்த்துப் பார்த்துத் திட்டுகிறவர்களைப் பற்றி நமக்கு எல்லாம் தெரியும். பாராட்டி அனுப்புகிறவர்களைப் பற்றித்தான் ஒன்றும் தெரியாது.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், மாதாந்திர ஊசிக்குக் குணா அண்ணன் வந்தார். டிரைவர் சட்டை போட்டிருந்தார். ஒரு மணிக்குப் பிள்ளைகளை ஏற்றப் போக வேண்டும் என்று அவசரப்பட்டார். வழக்கம்போல, வேறு என்ன குறை அண்ணே என்று கேட்டேன்.

பாக்கெட்டிலிருந்து மடித்த தாளை எடுத்தார். எட்டுக் குறை எழுதிக் கொண்டுவந்திருந்தார். பதினோரு வருடம் வாயைத் திறக்காத மனிதர். கிளட்ச் மிதித்தால் முழங்கால் வலிக்கிறது. சுண்டுவிரல் மந்தம். ராத்திரி இரண்டு தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொன்றாக வாசிக்க வாசிக்க நான் எழுதிக்கொண்டேன். வெளியே காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

ஏழு முடிந்தது. எட்டாவதை வாசிக்காமல் தாளை மடித்தார்.

"அதையும் சொல்லுங்கண்ணே," என்றேன்.

"கோவிச்சுக்கக் கூடாது."

"மாட்டேன், சொல்லுங்க."

"மிஸ்ஸி ரொம்பக் கத்துறீங்க. அந்தப் பயத்துலதான் நான் எட்டு மாசம் எதையும் சொல்லல."

எழுதிக்கொண்டிருந்த என் கை நின்றது. முப்பத்தைந்து வருடம் நான் எத்தனையோ பேருக்குப் புத்தி சொன்னேன். எனக்கு ஒருவர் சொன்னது அன்றைக்குத்தான். கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. எட்டு என்று நம்பர் போட்டு அதையும் ஃபைலில் எழுதினேன். அண்ணனுக்கு ஊசியைப் போட்டேன். வலிக்குது மிஸ்ஸி என்றார். நல்லது என்றேன்.

அவர் போனதும் கதவைத் திறந்து அடுத்தவரைக் கூப்பிட்டேன். மெதுவாகத்தான் கூப்பிட்டேன். அவருக்குக் கேட்கவில்லை. சத்தத்தைக் கூட்டாமல் அவர் பக்கத்தில் போய்க் கூப்பிட்டேன்.